ஈட்டியாஸ்: முதலில் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று பாருங்கள்

“ஐரோப்பாவுக்கு இனி விசா வேண்டாம், ஆன்லைனில் 20 யூரோ கட்டினால் போதும்” என்று யாராவது சொன்னால் பாதியை மட்டும் நம்புங்கள். 20 யூரோ உண்மை. ஆனால் அது இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கான விஷயமே இல்லை. இதுவரை விசா இல்லாமலே ஐரோப்பாவுக்குப் போய்வந்த நாட்டவர்களின் தலையில் புதிதாக வைக்கப்படும் ஒரு படி அது: கிளம்பும் முன் ஆன்லைனில் வாங்க வேண்டிய பயண அனுமதி. ஈட்டியாஸ் என்று பெயர். நமக்கு ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவின் 29 நாடுகளுக்குப் பொதுவான விசா, நேற்றும் உண்டு, நாளையும் உண்டு.

அப்புறம் ஓசூரிலும் தர்மபுரியிலும் இருப்பவர்கள் இதை எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும்? வேலைக்காக வெளிநாடு போய்த் திரும்பிய குடும்பங்களில் ஒரே வீட்டுக்குள் இரண்டு, மூன்று நாட்டுப் பாஸ்போர்ட் இருப்பது இங்கே சகஜம். அப்பா அம்மாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட், அமெரிக்காவில் பிறந்த பிள்ளைக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட், சித்தப்பா குடும்பம் சிங்கப்பூர் குடியுரிமை. எல்லோரும் பெங்களூரில் ஒரே விமானம் ஏறிப் பாரிஸ் போவதாக வைத்துக்கொள்வோம். அப்பா அம்மாவுக்கு ஷெங்கன் விசா, பிள்ளைக்கும் சித்தப்பாவுக்கும் ஈட்டியாஸ். இதை மாற்றிப் போட்டால் பணமும் போகும், பயணமும் நிற்கும்.

முடிவு செய்வது பாஸ்போர்ட் மட்டும்தான். வசிக்கும் ஊரோ, கையிலிருக்கும் மற்ற அட்டைகளோ அல்ல. ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளியில் வந்த வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்திய அரசு தருவது) வைத்திருப்பவர் ஓசூரிலேயே பத்து வருடமாக இருந்தாலும் அவர் பாஸ்போர்ட் அமெரிக்காவுடையது என்றால் ஈட்டியாஸ்தான். கிரீன் கார்டு வைத்திருக்கும் இந்தியருக்கு ஷெங்கன் விசாதான். துபாய் ரெசிடென்ட் விசாவில் இருப்பவருக்கும் அதேதான். அமீரகக் குடிமக்களுக்குக் கிடைக்கும் விசா விலக்கு அங்கே வேலை செய்யும் நம் ஆட்களுக்குக் கிடையாது. தமிழ்க் குடும்பங்களில் அதிகம் காணப்படும் பாஸ்போர்ட்களில் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூர், மலேசியா, மொரீஷியஸ் ஆகியவை ஈட்டியாஸ் பக்கம். இந்தியா, இலங்கை, தென்னாப்பிரிக்கா விசா பக்கம்.

இரண்டு பக்கமும் சேராத ஒரு கூட்டமும் உண்டு. ஜெர்மனியிலோ பிரான்ஸிலோ படிக்கவோ வேலைக்கோ போய் அந்த நாட்டின் ரெசிடென்ஸ் பெர்மிட் வைத்திருப்பவர்கள். அவர்களுக்கு ஈட்டியாஸ் வேண்டாம். பர்கூரிலோ தர்மபுரியிலோ பொறியியல் முடித்துவிட்டு மேற்படிப்புக்கு ஜெர்மனி போன பிள்ளை, அந்தப் பெர்மிட்டைப் பாஸ்போர்ட்டோடு காட்டினால் போதும். பட்டமளிப்பு விழாவுக்கு அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு ஷெங்கன் விசா. பிள்ளையின் பெர்மிட் பெற்றோருக்கு ஒட்டாது.

ஈட்டியாஸ் பொருந்தும் நாடுகள் 30. ஷெங்கனில் உள்ள 29 நாடுகளும் சைப்ரஸும். அயர்லாந்து இதில் இல்லை. பிரிட்டனும் இல்லை, அவர்கள் இ.டி.ஏ. என்று தங்களுக்குத் தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள். லண்டனும் பாரிஸும் ஒரே பயணத்தில் என்றால் அமெரிக்கப் பாஸ்போர்ட்காரருக்கு இரண்டு அனுமதி, இந்தியருக்கு இரண்டு விசா. ஒன்றைக் காட்டி இன்னொன்றுக்குள் நுழைய முடியாது.

எப்போதிலிருந்து? ஐரோப்பிய ஆணையம் இதை முன்மொழிந்தது 2016-ல், சட்டமானது 2018-ல். அதன்பின் தேதி பலமுறை தள்ளிப்போனது. இப்போது சொல்லப்படுவது 2026-ன் கடைசிக் காலாண்டு. துல்லியமான நாளைப் பல மாதங்களுக்கு முன்பே அறிவிப்பதாக ஐரோப்பிய ஒன்றியம் சொல்லியிருக்கிறது. தொடங்கிய மறுநாளே எல்லோரையும் திருப்பி அனுப்பப் போவதில்லை. முதல் ஆறு மாதமாவது இடைக்காலம்: விண்ணப்பிக்க வேண்டும்தான், ஆனால் இல்லாவிட்டாலும் மற்ற நிபந்தனைகள் சரியாக இருந்தால் உள்ளே விடுவார்கள். அடுத்து குறைந்தது இன்னொரு ஆறு மாதம் சலுகைக் காலம்: இடைக்காலம் முடிந்தபின் முதல் முறையாக வருபவருக்கு மட்டும் விட்டுக்கொடுப்பார்கள், இரண்டாம் முறை வருபவருக்குக் கிடையாது. ஆகவே விண்ணப்பம் திறப்பதற்கு முன்பே “இப்போதே புக் செய்யுங்கள், பிறகு கூட்டமாகிவிடும்” என்று யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். திறக்காத கவுன்ட்டருக்கு டோக்கன் விற்கிறார்கள், அவ்வளவுதான்.

விண்ணப்பிக்க ஒரே இடம் ஐரோப்பிய ஒன்றியத்தின் சொந்த இணையதளம், அல்லது அவர்களுடைய அதிகாரபூர்வ ஆப். முகவரியைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. ‘எச்.டி.டி.பி.எஸ்’, இரட்டைச் சாய்கோடு இவற்றைத் தாண்டி வரும் பகுதியில், அடுத்த சாய்கோட்டுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அது ‘யூரோப்பா’, புள்ளி, ‘ஈயூ’ என்று முடிய வேண்டும். போலித் தளங்களும் ‘யூரோப்பா’ என்ற சொல்லை வைத்திருக்கும், ஆனால் நடுவில் வைத்திருக்கும். கடைசியில் ‘டாட் காம்’ அல்லது ‘டாட் ஆர்க்’ என்று வரும். நீல நிறமும் மஞ்சள் நட்சத்திர வட்டமும் யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம், அதை வைத்து நம்பாதீர்கள். கூகுளில் தேடும்போது மேலே விளம்பரமாக வருவதைத் தொடவே வேண்டாம்.

கட்டணம் 20 யூரோ. முதலில் 7 யூரோ என்று இருந்ததை 2025-ல் உயர்த்தினார்கள், பழைய கட்டுரைகளில் 7 என்றே இருக்கும். ஒரு யூரோ நூறு ரூபாய் என்று தோராயமாகப் போட்டால் 2,000 ரூபாய். 18 வயதுக்குக் கீழானவர்களுக்கும் 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் கட்டணம் இல்லை. இதில்தான் பலர் ஏமாறுவார்கள்: கட்டணம் இல்லை என்றால் விண்ணப்பமே வேண்டாம் என்று அர்த்தமில்லை. கைக்குழந்தைக்கும் தனி விண்ணப்பம் உண்டு, பெற்றோர் நிரப்ப வேண்டும். பணத்தை ஆன்லைனில்தான் கட்ட வேண்டும். இந்திய வங்கி கார்டில் கட்டுவதானால், புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே வரும்; 2020-லிருந்து ரிசர்வ் வங்கி விதி அப்படி. வங்கி ஆப்பில் அதைத் திறந்துவிட்டு உட்காருங்கள். பணம் கட்டும் பக்கம் வந்தபின் தேடினால் நேரம் முடிந்து ஃபார்ம் முதலிலிருந்து தொடங்கும் வாய்ப்பு உண்டு.

இனி படிவம். தமிழர்களுக்குச் சிக்கல் வருவது பெயரில். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர்தான் இனிஷியலாக முன்னால் நிற்கிறது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் அது எந்தக் கட்டத்தில் போய் உட்கார்ந்தது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். உதாரணத்துக்கு, முனிராஜ் மகன் மாதேஷ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாஸ்போர்ட்டில் முனிராஜ் சர்நேம், மாதேஷ் கிவன் நேம் என்று இருக்கும். இன்னொன்றில் தலைகீழாக இருக்கும். சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட்களில் ‘சன் ஆஃப்’, அதையே மலாயில் சொல்லும் ‘அனாக் லெலாக்கி’ என்பதன் சுருக்கங்கள் பெயருக்கு நடுவில் வரும். இவற்றை நம் யோசனைக்கு நிரப்பக் கூடாது.

புகைப்படம் இருக்கும் பக்கத்தின் அடியில் இரண்டு வரி நீளமாக அச்சடித்திருக்கும், எழுத்துக்கு நடுவே அம்புத்தலை போன்ற குறிகளோடு. எல்லையில் இயந்திரம் படிப்பது அதைத்தான். முதல் வரியில் ‘பி’ என்ற எழுத்து, அடுத்து ஒரு குறி அல்லது இன்னொரு எழுத்து, அடுத்து நாட்டின் மூன்றெழுத்து. அதற்கு அப்புறம் வருவது சர்நேம். அடுத்தடுத்து இரண்டு அம்புக்குறிகள் எங்கே வருகிறதோ அங்கே சர்நேம் முடிந்தது, மீதி கிவன் நேம். ஒற்றை அம்புக்குறி வெறும் இடைவெளி. பெயர் முடிந்து வரி கடைசிவரை வெறும் குறிகளே இருந்து, நடுவே இரட்டைக் குறி வரவில்லை என்றால் உங்களுக்குச் சர்நேம் கட்டத்தில் மட்டும்தான் பெயர் இருக்கிறது. இந்த வரி எப்படிச் சொல்கிறதோ அப்படியே படிவத்தில் பிரித்துப் போடுங்கள்.

இரண்டாவது வரியில் முதல் ஒன்பது இடம் பாஸ்போர்ட் எண்ணுக்கு. பத்தாவது இடத்தில் இருப்பது சோதனை இலக்கம், அது எண்ணின் பகுதி அல்ல. அதையும் சேர்த்து அடித்துவிடுவது எளிதாக நடக்கும் பிழை. பூஜ்யத்துக்குப் பதில் ‘ஓ’ என்ற எழுத்தை அடிப்பது இன்னொன்று. இந்தப் பிழைகளால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்று நினைக்காதீர்கள். அனுமதி நல்லபடியாகவே வந்து சேரலாம், ஆனால் இல்லாத ஒரு பாஸ்போர்ட்டின் பேரில். ஈட்டியாஸ் தாளாக வருவதில்லை, பாஸ்போர்ட் எண்ணோடு கணினியில் கட்டப்பட்டிருக்கும். பெங்களூர் விமான நிலையத்தில் விமான நிறுவனத்தின் கவுன்ட்டரில் உங்கள் உண்மையான எண்ணைப் போட்டுக் கேட்டால் ‘இல்லை’ என்று பதில் வரும். அந்த நேரத்தில் மெயிலில் வந்த அனுமதியைக் காட்டி வாதாடிப் பயனில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாறிய பெண்கள் கொஞ்சம் நிதானமாக நிரப்ப வேண்டும். படிவம் இப்போதைய சர்நேமையும் பிறந்தபோது இருந்த சர்நேமையும் தனித்தனியாகக் கேட்கும். அப்பா பெயர் போய்க் கணவர் பெயர் வந்திருந்தால் பழையதை அதற்குரிய கட்டத்தில் போடுங்கள். வேறு பெயர்களில் அறியப்பட்டிருந்தால் அதற்கும் இடம் உண்டு. குடியுரிமை மாறியபோது பெயரை நீட்டியோ சுருக்கியோ கொண்டவர்கள் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டில் இருந்த பெயரை அங்கே தரலாம். பெற்றோரின் முதல் பெயரும் கேட்கப்படும். இனிஷியல் வேண்டாம், முழுப் பெயர்.

பிறந்த இடம் என்ற கட்டம் சாதாரணமாகத் தெரியும். நம் பக்கத்துக்காரர்களுக்கு அது அத்தனை சாதாரணமில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் தர்மபுரியிலிருந்து பிரிந்தது 2004 பிப்ரவரியில். தர்மபுரியே சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபரில். ஓசூரில் 1962-ல் பிறந்தவரின் பழைய சான்றிதழில் சேலம் மாவட்டம் இருக்கும், 1980-ல் பிறந்த தம்பிக்குத் தர்மபுரி மாவட்டம், இருவரின் இன்றைய வீட்டு முகவரியும் கிருஷ்ணகிரி மாவட்டம். இதில் எது சரி என்று ஐரோப்பாவில் யாரும் பார்க்கப் போவதில்லை. பாஸ்போர்ட்டில் ஊர் அச்சாகியிருந்தால் அதே ஊர், அதே எழுத்துக்கூட்டல். அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு நாடு மட்டும்தான் இருக்கும். அப்போது பிறப்புச் சான்றிதழிலோ குடியுரிமை ஆவணத்திலோ உள்ள ஊரைப் போடுங்கள். மாவட்டத்தை இழுக்க வேண்டாம், ஊர் போதும். அடுத்த முறை விண்ணப்பிக்கும்போதும் அதையே போடுவதற்காக எங்காவது குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பு, தொழில், வீட்டு முகவரி, முதலில் போகும் நாடு ஆகியவையும் உண்டு. குற்றத் தண்டனை, போர் நடக்கும் பகுதிகளுக்குப் போனது, ஒரு நாட்டிலிருந்து வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தது பற்றியும் கேள்விகள் வரும். மறைக்காதீர்கள். ‘ஆம்’ என்று பதில் சொன்னவுடன் நிராகரிப்பதில்லை, கூடுதல் கேள்வி கேட்பார்கள், மனித அதிகாரி ஒருவர் பார்ப்பார். பொய் என்று பிறகு தெரிந்தால் கொடுத்த அனுமதியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

ப்ரவுசிங் சென்டரிலோ டிராவல்ஸிலோ கொடுத்து நிரப்பச் சொல்லலாம், விதியில் தடை இல்லை. மற்றவர் சார்பாக நிரப்பினால் அதற்கு ஒரு உறுதிமொழி இருக்கிறது. ஆனால் மின்னஞ்சல் கட்டத்தை எட்டிப் பாருங்கள். வேகத்துக்குக் கடைக்காரர் தன் கடையின் மெயிலைப் போட்டுவிடுவது நம் ஊரில் பான் கார்டிலிருந்து எல்லா விண்ணப்பத்திலும் நடப்பது. ஈட்டியாஸில் விண்ணப்ப எண்ணும், முடிவும், கூடுதல் ஆவணம் கேட்கும் கடிதமும் அந்த மெயிலுக்குத்தான் போகும். கேட்டது உங்களுக்குத் தெரியாமலே கெடு ஓடிவிடும். உங்கள் மெயில், உங்கள் போன் எண். கடைக்காரருக்குக் கூலி கொடுங்கள், மெயிலைக் கொடுக்க வேண்டாம்.

பெரும்பாலானவர்களுக்குச் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும் என்கிறார்கள். வராவிட்டால் நான்கு நாள். ஆவணம் கேட்டால் 14 நாள் வரை, நேர்காணலுக்கு அழைத்தால் 30 நாள் வரை போகலாம். அந்த 30 நாளைக் கணக்கில் வைத்தே விண்ணப்பித்துவிடுங்கள். டிக்கெட் போடுவதற்கு முன்பே அனுமதியை வாங்கிவிடுவது இன்னும் நல்லது. கிடைத்தால் மூன்று வருடம் செல்லும், அல்லது பாஸ்போர்ட் காலாவதியாகும் நாள் வரை, எது முந்தியோ அதுவரை. பாஸ்போர்ட் புதுப்பித்தால் பழைய ஈட்டியாஸ் அதோடு செத்தது. அடுத்த ஆறு மாதத்தில் பாஸ்போர்ட் முடிகிறது என்றால் முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பியுங்கள், பிறகு 20 யூரோ கட்டுங்கள். ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் பாஸ்போர்ட் செல்லுபடியாக இருக்க வேண்டும், வழங்கிப் பத்து வருடம் ஆகியிருக்கக் கூடாது என்ற விதி எப்படியும் இருக்கிறது.

அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும் வழியில் பிராங்ஃபர்ட்டில் விமானம் மாறுபவர்களுக்கு வேண்டுமா? பன்னாட்டுப் பயணிகள் பகுதிக்குள்ளேயே இருந்து அடுத்த விமானம் ஏறினால் வேண்டாம். ஆனால் பெங்களூர், பிராங்ஃபர்ட், பாரிஸ், நியூயார்க் என்று டிக்கெட் இருந்தால் பிராங்ஃபர்ட்டிலேயே ஷெங்கனுக்குள் நுழைந்துவிடுகிறீர்கள், ஈட்டியாஸ் வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று இரண்டு தனி டிக்கெட் போட்டு, நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டியிருந்தாலும் வெளியே வந்தாக வேண்டும். கிரீன் கார்டு உள்ள இந்தியருக்கு விமான நிலைய டிரான்சிட் விசாவிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் பெட்டியை எடுக்க வெளியே வர அது உதவாது.

ஈட்டியாஸ் இருந்தாலும் 180 நாளுக்குள் 90 நாள் என்ற வரம்பு அப்படியே இருக்கிறது. பலர் இதை “மூன்று மாதம் இருந்துவிட்டு ஒரு நாள் வெளியே போய் வந்தால் புதிதாக மூன்று மாதம்” என்று புரிந்துகொள்கிறார்கள். அப்படி இல்லை. நீங்கள் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த நாளிலிருந்து பின்னோக்கி 180 நாளை எண்ணி, அதற்குள் உள்ளே இருந்த நாள்களைக் கூட்ட வேண்டும். வந்த நாளும் போன நாளும் முழு நாளாகக் கணக்கு. மே 1 வந்து ஜூன் 29 கிளம்பினால் 60 நாள். மறுபடி செப்டம்பர் 1 வந்தால் மிச்சம் 30 நாள்தான், செப்டம்பர் 30-க்குள் வெளியே போக வேண்டும். அக்டோபர் 1 அங்கே இருந்தால் மீறல். மே மாத நாள்கள் கணக்கிலிருந்து உதிரத் தொடங்குவது அக்டோபர் 28-லிருந்துதான். சைப்ரஸ் ஷெங்கனில் இல்லாததால் அங்கே இருக்கும் நாள்கள் இதில் சேராது.

முன்பு இந்தக் கணக்கை அதிகாரி முத்திரைகளைப் புரட்டி எண்ணுவார், தப்பிப் போனவர்களும் உண்டு. இப்போது இ.இ.எஸ். என்ற நுழைவு, வெளியேற்றப் பதிவு 2025 அக்டோபர் 12-ல் தொடங்கி, 2026 ஏப்ரல் 10-க்குள் எல்லா எல்லைச் சாவடிகளுக்கும் என்ற திட்டத்தில் வந்துவிட்டது. கணினி தானே எண்ணுகிறது. இது நம் இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கும் சேர்த்து. ஈட்டியாஸோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்: இ.இ.எஸ்ஸுக்கு முன்கூட்டி விண்ணப்பம் இல்லை, பணம் இல்லை, எல்லையில் நிற்கும்போது நடப்பது. விசா இல்லாமல் வருபவரிடம் முகப்படமும் நான்கு விரல் ரேகையும் எடுப்பார்கள். விசாவில் போகும் நம்மவர்களின் ரேகை விசா விண்ணப்பத்தின்போதே பதிவாகிவிட்டதால் எல்லையில் அதை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், முகத்தைப் படமெடுப்பார்கள். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ரேகை இல்லை, படம் மட்டும். எடுக்கவிட மாட்டேன் என்றால் உள்ளே விட மாட்டார்கள். வயலிலும் கல் குவாரியிலும் உழைத்து ரேகை தேய்ந்த பெரியவர்களுக்கு ஆதார் எடுக்கும்போது நேர்ந்த இழுபறி இங்கேயும் வரலாம், அதனால் அடுத்த விமானத்துக்கு ஒரு மணி நேர இடைவெளியில் டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கான ஷெங்கன் விசா தனிப் பதிவுக்கான விஷயம். சுருக்கமாக: பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குக் கீழ் 45, ஆறுக்குக் கீழ் இலவசம், பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் பொதுவாக எடுக்க மாட்டார்கள், 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். மூன்று வருடத்துக்குள் இரண்டு விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்திய இந்தியருக்கு இரண்டு வருட மல்ட்டிபிள் விசா தரலாம் என்று 2024 ஏப்ரலில் விதி தளர்ந்தது, அதற்குப் பின் ஐந்து வருடத்துக்கும் வழி இருக்கிறது. ஓசூருக்கு பெங்களூர் கூப்பிடு தூரம்தான், ஆனாலும் தமிழ்நாட்டு முகவரிக்கு எந்த மையம் என்பது நாட்டுக்கு நாடு மாறக்கூடும். ஸ்லாட் போடும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

ஈட்டியாஸ் மறுக்கப்பட்டால் காரணம் எழுத்தில் வரும், எந்த நாடு முடிவெடுத்தது, அங்கே எப்படி மேல்முறையீடு செய்வது என்ற விவரமும் வரும். எழுத்துப் பிழையோ விடுபட்ட ஆவணமோ காரணமென்றால் மேல்முறையீட்டுக்கு அலைவதைவிடத் திருத்திப் புதிதாக விண்ணப்பிப்பதே வேகம், இன்னொரு 20 யூரோ போகும். பாஸ்போர்ட் தொலைந்ததாக எப்போதோ புகார் கொடுத்து, பிறகு அது கிடைத்து, அதையே வைத்து விண்ணப்பித்தவர்களுக்கு எத்தனை முறை விண்ணப்பித்தாலும் அதே பதில்தான் வரும். தொலைந்ததாகப் பதிவான பாஸ்போர்ட் திரும்ப உயிர் பெறாது. அவர்கள் தங்கள் நாட்டுத் தூதரகத்தில் புதுப் பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு அதன் எண்ணில்தான் தொடங்க வேண்டும்.